முகவரி அறிந்த மருந்து
(ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக விஞ்ஞான மாணவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பண்ணிசையும் நாடகமும் கேட்டு மகிழ வந்திருக்கும் சபையின் முன்னே ஒரு நோயைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். "விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, விஞ்ஞானத்திலே எங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்லட்டும்" என்று சங்கத்தார் பணித்தனர். மிஷன் பாடசாலையிலே படித்த என்னை இந்து வாலிபர் சங்கத்து மேடையில் ஏற்றிவைத்த அவர்களது பெருந்தன்மைக்கு நன்றி கூறுகிறேன். கல்விக்கு வேலி இல்லை என்பதை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

நான் எடுத்துக்கொண்ட பொருள், புற்றுநோய்க் கலங்களைத் தேடிக் கண்டுபிடித்து அவற்றை மாத்திரம் தாக்குமாறு செய்யப்படும் மிக நுண்ணிய துணிக்கைகள் என்பதாகும். இந்நோயின் பெயரை நம்மவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்தக் கூடாத வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திக் கூறுவர். நோயாளிக்கும் சொல்லமாட்டார்கள், அயலவருக்கும் சொல்லமாட்டார்கள். பெயர் சொல்லாமல் விட்டால் வந்த விருந்தாளி போய்விடுவான் என்ற எண்ணம் போலும். ஆனால் நோய் அப்படிப் போவதில்லை. ஆகவே இன்று அதன் பெயரைச் சொல்லியே பேசுவோம்.

முதலில் இந்நோய் யாது என்று பார்ப்போம். நமது உடல் 30 இலட்சங் கோடிக்கு மேற்பட்ட கலங்களாலானது. ஒவ்வொரு கலமும் தனக்கு விதிக்கப்பட்ட வேலையைச் செய்து, வேண்டிய பொழுது இரண்டாகப் பிரிந்து, காலம் வந்ததும் மடிகின்றது. எப்பொழுது பிரியவேண்டும், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்ற கட்டளைகள் கலத்தின் கருவிலே எழுதப்பட்டிருக்கின்றன. புகையிலையின் நஞ்சு, கதிர்வீச்சு, சில வைரசுகள், முதுமை முதலிய காரணங்களால் அக்கட்டளைகள் பழுதடையும்பொழுது ஒரு கலம் அடங்காப்பிடாரியாய் மாறிவிடுகின்றது. நிறுத்தமின்றிப் பெருகுகின்றது, அயலிலுள்ள இழையங்களை ஊடுருவுகின்றது, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறிடஞ் சென்று குடியேறுகின்றது. அதுவே புற்றுநோய்.

இதனைக் களைக்கு ஒப்பிடுவார்கள். ஆனால் வயலிலே முளைக்கும் கோரைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கோரை வேறு, நெல் வேறு. கண்ணாற் கண்டு பிடுங்கலாம். இங்கோ நமது பயிரே களையாக மாறியிருக்கின்றது. கிருமி வெளியிலிருந்து வந்த பகைவன். அவனை வேறுபிரித்துக் கொல்வது எளிது. புற்றுநோய்க் கலம் நம் சொந்த வீட்டிலே பிறந்து வளர்ந்து வழிதவறிய பிள்ளை. முகச்சாயலும் ஒன்று, பேச்சும் ஒன்று. ஆதலாலேதான் வைத்தியர்கள் இதன்முன் இத்தனை காலம் திணறுகின்றனர்.

இந்நோய்க்கு எதிராக நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்ட ஆயுதங்கள் மூன்று: கத்தி, கதிர், மருந்து. கட்டி ஓரிடத்தில் அடங்கியிருக்கும்வரை கத்தியும் கதிரும் பெரும்பயன் தருவன. கலங்கள் பரவிவிட்டால் உடல் முழுதும் செல்லும் மருந்தே வேண்டும். ஆனால் அம்மருந்துகளிற் பெரும்பாலானவை விரைவாகப் பிரியும் கலங்களை எல்லாம் தாக்குவன. மயிர்க்கால்களிலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும் இயல்பாகவே கலங்கள் விரைவாகப் பிரிகின்றன. குற்றவாளியோடு நிரபராதியும் தண்டிக்கப்படுகின்றான். மயிர் கொட்டுதலும் வாந்தியும் குருதிக் குறைவும் வருவது இக்காரணத்தாலேயே. "வருத்தத்திலும் மருந்து பொல்லாதது" என்று நம்மூர்ப் பெண்கள் சொல்வது முழுதும் பொய்யன்று. ஆயினும், அம்மருந்துகளால் உயிர்தப்பி வாழ்பவர் பல்லாயிரவர் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இக்குறையை நீக்க ஒரு கனவு கண்டவர் ஜேர்மனிய அறிஞர் பவுல் ஏர்லிக். 1908 ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற இவர், நோய்க்காரணியை மாத்திரம் நாடிச் சென்று தாக்கி, உடலின் ஏனைய பகுதிகளைத் தீண்டாது விடும் மருந்தொன்று வேண்டும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயர் மந்திரக் குண்டு என்னும் கருத்துடையது. நமக்கு அக்கருத்து புதிதன்று. தவறாது இலக்கைச் சேரும் மருந்தை நாம் இராமபாணம் என்றே சொல்லி வந்திருக்கிறோம். கனவு பழையது, அம்பைச் செய்யும் தொழில் மாத்திரமே புதிது.

அத்தொழிலின் பெயர் நனோத் தொழினுட்பம். ஒரு மீற்றரை 100 கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். இவ்வளவு சிறியதை மனத்திலே வாங்குவது எப்படி? நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். குருதியிலுள்ள செங்கலம் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 7,000. நான் பேசும் துணிக்கைகளோ பெரும்பாலும் 10 முதல் 200 நனோமீற்றர்வரையுள்ளவை. சாதாரண நுணுக்குக்காட்டியிலும் உருத்தெரிய மாட்டா. இவ்வளவு சிறியவை ஏன் வேண்டும்? மிகச் சிறிய மருந்து மூலக்கூறு சிறுநீரகத்தால் வடிந்து வெளியேறிவிடும். மிகப் பெரியதோ நுண்குழாயில் அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவேயுள்ளதே பயணத்துக்கு ஏற்றது.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குச் சாமான் அனுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். சீனியையும் சீமெந்தையும் கடலிலே கொட்டிவிட்டால் அவை அக்கரை சேர்வதில்லை. ஒரு படகு வேண்டும். நனையாமல் மூட ஒரு படங்கு வேண்டும். எந்தக் கடைக்கு உரியது என்று மூட்டையில் எழுதியிருக்கவும் வேண்டும். படகு, போர்வை, முகவரி இம்மூன்றுமே நனோமருந்தின் சூத்திரம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படகைத் தந்தவர் அலெக் பங்கம் என்னும் ஆங்கிலேயர். 1960களின் முற்பகுதியிலே, கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஆய்வுநிலையம் ஒன்றில், சில கொழுப்புப் பொருள்களை நீரிலிட்டபொழுது அவை தாமாகவே நுண்ணிய குமிழிகளாகத் திரள்வதை அவர் கண்டார். குமிழியின் சுவர் நமது கலத்தின் சுவரைப் போன்றது. உள்ளே நீர் இருந்தது. உள்ளே நீர் இருக்குமானால் மருந்தும் இருக்கலாம் அன்றோ? இக்குமிழிக்கு லிப்போசோம் என்று பெயர். யெரூசலேம் நகரத்து அறிஞர்களான பாரென்ஹோல்ஸ், கபிசோன் ஆகியோர் டொக்சோரூபிசின் என்ற சிவந்த மருந்தை இதற்குள்ளே அடைத்தனர். அம்மருந்து புற்றுநோயைக் கொல்வது உண்மை. இருதயத்தைக் கெடுப்பதும் உண்மை. குமிழிக்குள் அடைத்தபின் இருதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. 1995 ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு இதனை டொக்சில் என்னும் பெயரோடு அங்கீகரித்தது. நனோமருந்தென்று அங்கு முதன்முதல் அங்கீகாரம் பெற்றது இதுவே என்பர். ஆயினும் பக்கவிளைவு முற்றாக ஒழியவில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிவு காண்பது இதனாலே வரும் புதிய தொல்லை.

இப்படகுக்கு ஏன் போர்வை? குருதியிலே புகும் அந்நியப் பொருளை விழுங்குவதற்கென்றே ஈரலிலும் மண்ணீரலிலும் காவற்கலங்கள் நிற்கின்றன. அவற்றின் கண்ணிற் படாதவாறு, நீரை விரும்பும் ஒருவகை நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் துணிக்கையைப் போர்த்துவிடுகின்றனர். அதனால் மருந்து பல மணி நேரம், சிலவேளை நாட்கணக்காகவும், குருதியிலே சுற்றித்திரிகின்றது.

அப்படிச் சுற்றும் துணிக்கை கட்டியிலே மாத்திரம் எப்படித் தங்கும்? இதற்கு விடை கண்டவர்கள் யப்பானியர். குமமோட்டோ பல்கலைக்கழகத்து மட்சுமுரா, மயேடா என்னும் இருவர் 1986 இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நமது தீவிலே வலை வீசாத குடும்பம் உண்டோ? வலைக்கண் சிறிதானால் சிறு மீனும் அகப்படும், பெரிதானால் நழுவிவிடும். நல்ல குருதிக்குழாயின் சுவர் நெருங்கிய கண்ணுடைய வலை. புற்றுநோய்க் கட்டியோ அவசரத்திலே வளர்வது. அதற்காக முளைக்கும் குழாய்கள் பொத்தலும் பீற்றலுமாக இருக்கும். நல்ல குழாயினூடே வெளியேற முடியாத துணிக்கை கட்டியின் குழாயினூடே நழுவி உள்ளே விழுந்துவிடும். அக்கட்டியிலே நிணநீர் வடிகாலும் செம்மையாக இராது. வாய்க்கால் இல்லாத வயலிலே மழைநீர் தேங்குவது போல மருந்து அங்கே தேங்கும். பகைவனுடைய கோட்டையின் பழுதே நமக்கு வாயிலாயிற்று.

மருந்தைக் கரைத்தெடுக்கும் இடையூறும் இத்தொழினுட்பத்தால் நீங்கியது. பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பெறப்பட்ட பக்லிட்டாக்செல் சிறந்த மருந்து. ஆனால் நீரிற் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய ஒரு கரைப்பானிலே கலந்து ஏற்றினார்கள். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கிற்று. நமது குருதியிலேயே உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு அதனைச் சேர்த்து ஏறக்குறைய 130 நனோமீற்றர் துணிக்கையாக்கினர். 2005 இல் மார்புப் புற்றுநோய்க்கு அது அங்கீகாரம் பெற்றது. அயலிலுள்ள இந்தியாவிலும் டாபர் நிறுவனம் இதே மருந்தை வேறொரு வகை நனோத்துணிக்கையாகச் செய்து 2007 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வித்தை வெள்ளைக்காரருக்கு மாத்திரம் உரியதன்று என்பதற்கு அது சான்று. இன்னும் அருகில் வருவோம். கொரோனாக் காலத்திலே பைசர் தடுப்பூசி பெற்றவர்கள் இச்சபையிலே இருப்பீர்கள். அவ்வூசியிலே இருந்ததும் கொழுப்பாலான நனோத்துணிக்கையே.

இனி முகவரி. வழிதவறிய கலம் முகச்சாயலில் நம்மைப் போன்றதே என்றேன். ஆயினும் உற்றுப்பார்த்தால் சிறு அடையாளங்கள் உண்டு. மார்புப் புற்றுநோய்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிலே ஹேர்-2 என்னும் புரதம் கலத்தின் மேற்பரப்பில் மிதமிஞ்சிக் காணப்படும். வேறு சில புற்றுநோய்க் கலங்கள் போலிக் அமிலம் என்ற விற்றமினை வாங்குவதற்கு அளவுக்கதிகமான வாங்கிகளை விரித்து வைத்திருக்கும். இவ்வடையாளத்திலே பூட்டுக்குத் திறப்புப் போலப் பொருந்தும் பிறபொருளெதிரியையோ விற்றமினையோ துணிக்கையின் மேலே பொருத்திவிட்டால், அது உரிய கலத்திலே சென்று ஒட்டிக்கொள்ளும். கலம் அதனை உணவென்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சென்றபின் குமிழி உடைந்து மருந்து வெளிப்படும். கோட்டைக்குள்ளே தன் கையாலேயே எதிரியை வரவேற்ற கதைதான்.

சிகிச்சையைச் சொன்னேன்; நோயைக் கண்டறிதலைச் சொல்லவேண்டும். 1857 ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி நீரிலே மிதக்கவிட்டார். மஞ்சட்பொன் மாணிக்கம் போலச் சிவந்தது. பொருள் நனோ அளவுக்கு வந்ததும் அதன் நிறமும் குணமும் மாறும் என்பதற்கு இது முதற்பாடங்களுள் ஒன்று. அந்தச் சிவப்பை நீங்களும் கண்டிருக்கிறீர்கள். கர்ப்பம் தரித்ததா என்று பார்க்கும் சிறு பட்டியிலும் கொரோனா விரைவுச் சோதனைப் பட்டியிலும் தோன்றும் சிவந்த கோட்டிலே பெரும்பாலும் இருப்பது பொன் நனோத்துணிக்கையே. தேடும் பொருள் அகப்பட்டால் துணிக்கைகள் ஓரிடத்தில் திரண்டு கோடாகத் தெரிகின்றன. இதே முறையைக் கொண்டு புற்றுநோய்க் கலங்கள் குருதியிலே விடும் அற்ப அடையாளங்களையும் காணலாமா என்று பல ஆய்வுகூடங்கள் முயல்கின்றன.

இங்கே தமிழர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிலே 1888 இல் பிறந்த சேர். சி. வி. இராமன், 1928 இல் கல்கத்தாவிலே, ஒளி ஒரு பொருளிலே பட்டுச் சிதறும்பொழுது அதன் ஒரு சிறு பங்கு நிறம் மாறுவதைக் கண்டார். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அம்மாற்றம் கைரேகை போல வேறுபடும். அவ்வொளி மிக மங்கலானது. ஆனால் மூலக்கூறு பொன்னின் அல்லது வெள்ளியின் நனோப் பரப்பிலே ஒட்டியிருந்தால் அது பன்மடங்கு பிரகாசிக்கும் என்று 1970களிலே கண்டனர். அமெரிக்காவிலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், 2020 இல் காலமான பேராசிரியர் சஞ்சீவ் சாம் கம்பீர் முதலியோர் இவ்வழியிலே பொற்றுணிக்கைகளைக் கொண்டு புற்றுநோயைத் தேடும் ஆய்வுகளை நடத்தினர். இராமன் ஏற்றிய விளக்கு இன்று நோயாளியின் உடலுக்குள்ளே தேடுகின்றது.

இரும்பும் இப்பணியில் உதவுகின்றது. புற்றுநோய் பரவும்பொழுது முதலில் நிணநீர்க் கணுக்களிலே குடியேறும். நாம் நெறி கட்டுதல் என்று சொல்லும்பொழுது வீங்குபவை அவையே. வீங்கிய கணுவைக் காந்தப் படக்கருவி காட்டும். வீங்காத கணுவுக்குள்ளே ஒளிந்திருக்கும் நோயைக் காட்டாது. இரும்பு ஒட்சைட்டு நனோத்துணிக்கைகளைக் குருதியில் ஏற்றினால் நல்ல கணுவின் காவற்கலங்கள் அவற்றை விழுங்கிப் படத்திலே கருமையாகத் தெரியும். நோய் குடிகொண்ட இடம் வெண்மையாகவே நிற்கும். நமது தீவுக்கு லைடன் என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தர். அந்நாட்டு வைத்தியர்களும் அமெரிக்க வைத்தியர்களும் சேர்ந்து புரொஸ்ரேற் புற்றுநோயுள்ள 80 பேரிலே இதனைச் சோதித்து 2003 இல் முடிவை வெளியிட்டனர். சாதாரண படம் தவறவிட்ட பல கணுக்களை இம்முறை காட்டிக்கொடுத்தது.

கண்டுபிடிப்பதும் கொல்வதும் ஒன்றாகவே நடப்பதும் உண்டு. பொன்னால் மூடிய நுண்ணிய சிலிக்கா உருண்டைகளைக் கட்டியிலே சேரவிட்டு, உடலை ஊடுருவும் ஒருவகைச் செங்கீழ்க் கதிரைப் பாய்ச்சினால், பொன் சூடேறி அக்கட்டியை வேகவைத்துவிடும். அயலிலுள்ள இழையம் தப்பிவிடும். நியூயோர்க்கிலே புரொஸ்ரேற் புற்றுநோயுள்ள 16 ஆடவரிலே இது முயலப்பட்டு 2019 இல் முடிவு வெளியாயிற்று. பெரும்பாலோரிலே சிகிச்சை செய்த இடத்தில் ஓராண்டின் பின்னும் நோய் காணப்படவில்லை. 16 பேர் என்பது சிறு தொகை. எனினும் நல்ல தொடக்கம்.

சபையோரே, இவ்வளவையும் கேட்டபின் "இனிக் கவலை இல்லை, இராமபாணம் வந்துவிட்டது" என்று நீங்கள் எண்ணினால் அப்பழி என்னைச் சாரும். ஆகையால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நம்மவர் பலர் சென்று வாழும் ரொறொன்ரோ நகரத்துப் பல்கலைக்கழகத்திலே வாரன் சான் என்னும் பேராசிரியரின் குழுவினர், முந்திய 10 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2016 இல் ஒரு கணக்குக் காட்டினர். ஏற்றிய துணிக்கைகளிலே கட்டியைச் சென்றடைவது நூற்றுக்கு 0.7 பங்கு. அதாவது 1,000 படகு புறப்பட்டால் கரை சேர்வது 7. எஞ்சியவற்றுள் மிகப் பல ஈரலிலும் மண்ணீரலிலும் சிறைப்படுகின்றன. எலியின் கட்டியிலே பொத்தலாயிருக்கும் குழாய் மனிதரின் கட்டியிலே அவ்வளவு பொத்தலாயிருப்பதுமில்லை. முகவரி ஒட்டிய துணிக்கைகள் ஆய்வுகூடத்திலே காட்டிய வல்லமையை நோயாளியிடத்துக் காட்டாமற் போனதும் உண்டு. அங்கீகாரம் பெற்று வழக்கிலிருக்கும் நனோமருந்துகளிற் பெரும்பாலானவை இன்றும் முகவரியில்லாத படகுகளே.

இதனால் மனந்தளர வேண்டியதில்லை. 1,000 இலே 7 சேர்ந்தே இத்தனை நன்மை விளைந்ததென்றால், 70 சேரும் நாளை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். "நனோ" என்ற சொல்லை ஒட்டி எதையும் விற்கலாம் என்று எண்ணுபவர்கள் உளர். நமது சித்த வைத்தியத்திலே தங்கபற்பம் முதலியவை உண்டு; சில பற்பங்களிலே நனோ அளவான துணிக்கைகள் இருப்பதாக ஆராய்ந்தவர்களும் உண்டு. அம்மரபை நான் இகழவில்லை. ஆயினும் நுண்மை ஒன்றினாலே ஒரு பொருள் புற்றுநோய்க்கு மருந்தாகிவிடாது. எவ்வளவு, எவருக்கு, எக்கட்டியில் என்று சோதித்து அறிந்த பின்னரே அது மருந்து. பொடியையும் இலேகியத்தையும் நம்பி ஆறு மாதம் கடத்தினால் கத்தியால் வெட்டி மாற்றக்கூடிய நோய் கைகடந்துவிடும்.

இப்பொழுது நமது ஊருக்கு வருகிறேன். சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். சிறியவன் சொல்வதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். இலங்கையின் ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதற்குத் தலையாய காரணங்கள் புகையிலை, பாக்கு, மதுபானம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் மனிதருக்குப் புற்றுநோய் தருவனவே என்று 2004 இல் வெளியிட்ட நூலிலே முடிவு கூறிற்று. நாமோ புகையிலை நட்டு வாழ்ந்த ஊரவர். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர்வரை கப்பலேறியது. தீவகத்தார் தென்னிலங்கைப் பட்டணங்களிலே சுருட்டுக்கடை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். அத்தோட்டத்து வருவாயிலே படித்த பிள்ளைகளே இன்று அதன் நஞ்சைப் பற்றி உங்களுக்குச் சொல்லுகிறோம். இது நன்றிகேடன்று. அந்தக் கல்வியை நமக்குத் தந்தவர்களின் உயிரைக் காப்பதே அக்கல்விக்கு நாம் செலுத்தும் கடன்.

நனோத்துணிக்கை தேடும் முகவரி கலத்தின் மேற்பரப்பிலே உள்ளது. அதைக் காண இலட்சக்கணக்கான ரூபா வேண்டும். வாய்ப்புற்றுநோயின் முகவரியோ கண்ணாடியிலே தெரியும். கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ உரைத்தாலும் போகாத வெள்ளைப் படை, செந்நிறப் படை, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வரவர வாயைத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிவு என்பன அதன் முன்னறிவிப்புகள். பெரும்பாலும் நோவு இராது. நோவு இல்லாததாலேயே அசட்டை செய்கிறோம். கேரளத்திலே திருவனந்தபுரத்துப் புற்றுநோய் நிலையத்தார், டாக்டர் சங்கரநாராயணன் தலைமையிலே, 1996 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 13 ஊராட்சிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியிலே பயிற்சி பெற்ற ஊழியர்களை வீடுவீடாக அனுப்பி வாயைப் பார்க்கச் செய்தனர். கருவி, வெளிச்சமும் கண்ணும் மாத்திரமே. 2005 இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. மிக நுண்ணிய துணிக்கைக்கும் முன்னதாக, ஓர் ஏழைக் கிராமத்தைக் காத்தது ஒரு சிறு மின்சூள்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுவே. புதிய விஞ்ஞானம் மருந்துக்கு முகவரி கற்பிக்கின்றது. ஆனால் காலம் கடந்து வரும் நோயாளிக்கு எந்த முகவரியும் உதவாது. ஆயிரத்தில் ஏழு படகே கரைசேரும் இக்காலத்திலே, அவ்வேழுக்கும் வெல்லக்கூடிய அளவான பகையை நாம் விட்டுவைக்க வேண்டும். சிறிய கட்டியை வெல்வது எளிது. பரவிய நோயை வெல்வது அரிது. முன்னதாகக் காண்பதும் நுண்ணிதாகத் தாக்குவதும் ஒரே வில்லின் இரு முனைகள்.

செல்ல இடமில்லை என்றும் இன்று சொல்ல முடியாது. முன்பு வடபகுதி நோயாளி கதிர்ச்சிகிச்சைக்காக மகரகமவரை போகவேண்டியிருந்தது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாளில் 670 கிலோமீற்றர் தூரம் ஒரு நடைபயணம் நடந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக வழிநெடுகச் சேர்ந்து நடந்து திரட்டிய பணத்தைக் கொண்டு தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அத்தனை பேர் அவ்வளவு தூரம் நடந்து வந்து வாசலிலே வைத்த உதவியை நோக்கி, நாம் ஊர்காவற்றுறை வைத்தியசாலைவரையாவது நடக்கமாட்டோமா?

இறுதியாக ஒன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஷ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திலே பூட்டிவைக்க விரும்பவில்லை. தமிழைக் கற்று, தமிழிலே மாணவரைப் பயிற்றி, இரண வைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய துறைகளிலே தமிழ் நூல்களை வெளிவரச் செய்தார். நோயாளிக்கு விளங்காத வைத்தியம் பாதி வைத்தியம் என்பதை அவர் செயலாலே காட்டினார். கடல்கடந்து வந்த ஒருவர் நமக்காக அதனைச் செய்தார் என்றால், இம்மண்ணிலே பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த நாம் நமது தாய்மாருக்கு விளங்குமாறு தமிழிலே சொல்லாதிருப்பது எவ்வாறு தகும்?

இச்சங்கத்து வாலிபர்களிடம் மூன்று வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருநாள் பல்வைத்தியரை அழைத்து, சுருவிலும் அயலூர்களான நாரந்தனை, கரம்பன், சரவணை ஆகியவற்றிலும் உள்ள பெரியவர்களின் வாயைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்யுங்கள். சபைகளிலே வெற்றிலைத் தட்டம் வைக்கும் மரியாதை இருக்கட்டும். அதிலே புகையிலை வேண்டாம், பாக்கையும் வாயில் ஒதுக்கும் வழக்கம் வேண்டாம். வீட்டிலே எவருக்கேனும் இந்நோய் என்று அறிந்தால் ஒளிக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். இது தொற்றுநோயன்று, அவர் குடித்த குவளையிலே நாம் குடித்தால் வராது.

இன்று இங்கே முன்வரிசையிலிருந்து கேட்கும் சிறுவர்களுள் ஒருவன், ஆயிரத்தில் ஏழை எழுபதாக்கும் வித்தையைக் கண்டுபிடிக்கக் கூடும். அவன் வளர்ந்து வரும்வரை அவனுடைய பாட்டனும் பாட்டியும் உயிரோடு இருக்கவேண்டும். அதற்கு வேண்டியது அவர்கள் வாயைத் திறந்து காட்டுவதும் நாம் வாய்திறந்து பேசுவதுமே.